எந்தக் கொசுன்னு தெரியாமலே புகையா?

மழை ஓய்ந்ததும் முடிச்சூர், சிட்லபாக்கம், பல்லாவரம் பக்கம் எல்லாரும் கேட்கும் கேள்வி, "புகை அடிச்சாங்களா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எந்தக் கொசு?"

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், டிரம்மிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கும் தண்ணீரில் வளரும்; பகலில் கடிக்கும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் கியூலெக்ஸுக்குச் சாக்கடையே போதும். நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, கிணற்றையும் ஓவர்ஹெட் டேங்கையும் தேடிப் போகும். இந்த மூன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தே பிரித்துவிடலாம்.

லென்ஸுக்கும் பிடிபடாத வேறுபாடுகள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயைப் பரப்பும் கருப்பு ஈக்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உண்மையில் அவை பல இனங்கள். பார்வையைப் பறிக்கும் கடுமையான நோயைப் பெரும்பாலும் சவானா புல்வெளி ஈக்களே பரப்பின. 1974 முதல் 2002 வரை அங்கு நடந்த ஒழிப்புத் திட்டத்துக்கு எந்த ஈ எது என்பது முக்கியமான கேள்வி.

அதற்கு உதவிய வழிகளில் ஒன்று நொதி, அதாவது என்சைம். ஈயை நசுக்கிய சாற்றை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒரே வேலையைச் செய்யும் நொதியே சில இனங்களில் வேறு வேறு தூரம் நகர்ந்து நிற்கும். சாயம் போட்டால் அந்த இடம் பட்டையாகத் தெரியும். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் டி.என்.ஏ. சோதனை செய்கிறது.

ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற ஒரே பெயருக்குள் ஐந்து இனங்கள் இருக்கின்றன. அதில் 'பி' மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாது. ராமேஸ்வரத்தில் அதே 'பி' என நினைக்கப்பட்ட கொசுக்களுக்குள்தான் மலேரியாவைப் பரப்பும் 'ஈ' இனம் ஒளிந்திருந்தது.

தாம்பரத்துக்கும் நொதிப் பாடம் பொருந்தும். சில கியூலெக்ஸ் கொசுக்களில் எஸ்டரேஸ் நொதி அதிகமாகச் சுரந்து, ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைச் செயலிழக்க வைக்கும். அதனால் பக்கத்துக் கொசு சாகும், இது சாகாது. புகையோ பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது.

2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு வார்டுவாரியாகக் கொசு இனத்தையும் மருந்துக்கு அது சாகிறதா என்பதையும் சோதித்து வெளியிடுவது பெரிய காரியமல்ல. விலங்கியல் துறை உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியல் கையில் இருந்தால், டேங்கை மூடச் சொல்வதா, சாக்கடையைத் தூர்வாருவதா, மருந்தை மாற்றுவதா என்பது தெரிந்துவிடும். அது இல்லாமல் அடிக்கும் புகை, வரிப்பணத்தில் போடும் சாம்பிராணி.