வெல்லமும் மரச்சாராயமும்

சித்தூர் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக் காலம் வந்துவிட்டால், அகன்ற கொப்பரைகளில் பாகு காய்வதை எங்கும் காணலாம். அவ்வெல்லத்துள் நிறம் கறுத்தது உணவுக்கு அவ்வளவாக விரும்பப்படுவதில்லை. மலிவான அச்சரக்கு கள்ளத்தனமாகச் சாராயம் காய்ச்சுவோர் கைக்குச் செல்வதும் உண்டு. ஆகவே சாராயத்தை ஒழிக்க முற்பட்டோரின் கண் வெல்லத்தின் மீது விழுந்ததில் வியப்பில்லை. கறுப்பு வெல்லம் பறிமுதலானது பற்றி ஆந்திர உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் பல நடந்துள்ளன.

இம்மாவட்டம் மதுவிலக்குக்குப் புதியதன்று. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த சித்தூருக்கும் கடப்பைக்கும் 1938 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. பின்னர் 1993-இல் ஆந்திரப் பிரதேசத்தில் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. 1995-இல் வந்த முழு மதுவிலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டது. சட்டங்கள் மாறி மாறி வந்தபோதிலும், மனிதரைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பொருள் எது என்ற கேள்வியை இரசாயன நூலிடம் கேட்டறிந்தோர் மிகச் சிலரே.

வெல்லத்தைக் கரைத்து ஊறவைத்தால், ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் அதிலுள்ள கரும்புச் சர்க்கரையை முதலில் குளுகோசாகவும் பிரக்டோசாகவும் பிரிக்கிறது. பின்னர் அவற்றை எதில் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கணக்குப்படி 180 கிராம் குளுகோசிலிருந்து 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் தோன்றும். இம்மாற்றத்தில் மெதில் ஆல்கஹால் பிறப்பதற்கு வழியில்லை. பழச்சாறுகள் நொதிக்கும்போது சிறிதளவு மெதில் ஆல்கஹால் தோன்றுவது உண்மை; அதற்குக் காரணம் பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின். வெல்லத்தில் பெக்டின் இல்லை என்றே சொல்லலாம். வெல்ல ஊறலில் உயிரைப் பறிக்கும் அளவு மெதில் ஆல்கஹால் தானாக விளைகிறது என்னும் பேச்சு, எனவே, ஆதாரமற்றது. இதனால் கள்ளச்சாராயம் நல்லதென்று ஆகிவிடாது. எதில் ஆல்கஹாலே ஈரலைக் கெடுக்கும். காய்ச்சுவோர் சேர்க்கும் கண்ட கண்ட பொருள்களின் கேடு வேறு.

மெதில் ஆல்கஹாலின் பிறப்பிடம் வேறு. காற்றுப் புகாமல் மரத்தைச் சுட்டு வடித்ததால் அது முற்காலத்தில் மரச்சாராயம் எனப்பட்டது. சித்தூருக்கு அண்டையிலிருந்த மைசூர் சமஸ்தானத்தில், 1923-இல் உற்பத்தியைத் தொடங்கிய பத்திராவதி இரும்பாலை மரக்கரியோடு இதனையும் வடித்தெடுத்தது. இக்காலத்தில் கரி மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் செம்பு கலந்த கிரியாஊக்கியின் மேல் அழுத்தத்தில் சேர்த்து ஆக்குகின்றனர். பார்மால்டிஹைடு, பிசின்கள், வர்ணக் கரைப்பான்கள் முதலிய பல தொழில்களுக்கு இது இன்றியமையாதது. எதில் ஆல்கஹாலை விட ஒரே ஒரு கரியணு குறைந்த இத்திரவத்தைக் கண்ணாலோ மூக்காலோ பிரித்தறிதல் அரிது. ஆபத்தின் வேர் அதுவே. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் மாய்த்தது இத்திரவமே.

உடலுக்குள் நிகழ்வதும் ஒரு சாதாரண ஆக்சிகரணம்தான். ஈரலிலுள்ள நொதி மெதில் ஆல்கஹாலைப் பார்மால்டிஹைடாக்குகிறது. அது விரைவில் பார்மிக் அமிலமாகிறது. எறும்பின் கொடுக்கில் உள்ள அதே அமிலம் இரத்தத்தைப் புளிக்கச் செய்து, கண் நரம்பைக் கருக்குகிறது. குடித்தவுடன் போதையன்றி வேறொன்றும் தெரியாது. பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் கழித்தே பார்வை மங்கும். அதே நொதியை எதில் ஆல்கஹால் மிக எளிதில் பற்றிக்கொள்வதால், மருத்துவர் அதனை அளந்து மாற்றாகக் கொடுப்பதுண்டு. வீட்டில் செய்யத்தக்க வைத்தியமன்று அது. போமெபிசோல் என்னும் மருந்து இப்பணியைச் செம்மையாகச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. சித்தூர் அரசு மருத்துவமனையிலும் திருப்பதி ரூயா மருத்துவமனையிலும் இரவு பகல் எந்நேரமும் அது கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

காவல் வைக்க வேண்டிய இடம் வெல்ல மண்டியன்று. மெதில் ஆல்கஹால் தொட்டியே. அதற்கு நிறமூட்டிக் கசப்புச் சேர்த்தால் குடிப்பவன் முதல் வாயிலேயே துப்பிவிடுவான். மருந்துத் தொழில் போன்றவற்றுக்குக் கலப்பற்ற சரக்கே வேண்டும் என்று ஆலைகள் சொல்லும், அது நியாயமே. அத்தகையோருக்குக் கலப்பற்றதை விற்று, ஒவ்வொரு பீப்பாய்க்கும் பேரேட்டில் கணக்கு வைத்தால் போதும். தொழிற்சாலை ஆல்கஹாலையும் ஒழுங்குபடுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையால் தீர்ப்பளித்துள்ளதால், தயக்கத்திற்கும் இடம் குறைந்துவிட்டது.

கைப்பற்றிய சரக்கைச் சோதிக்க விலையுயர்ந்த கருவிக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அதனைப் பெர்மாங்கனேட்டால் ஆக்சிகரித்து, எஞ்சிய பெர்மாங்கனேட்டை நீக்கி, குரோமோடிரோபிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால், மெதில் ஆல்கஹால் இருப்பின் ஊதா நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவையும் மதிப்பிடலாம். 1954-இல் நிறுவப்பட்ட திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் இரசாயன மாணவர்கள் இச்சோதனையை மாவட்ட ஆய்வுச்சாலைப் பணியாளருக்கு ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். முடிவு ஒரு மணி நேரத்திற்குள் தெரிந்துவிடும். அதே சரக்கைக் குடித்து இன்னும் பார்வை மங்காதிருப்போரைத் தேடி அழைத்துவர, எஞ்சிய மணிகள் மருத்துவருக்குக் கிடைக்கும்.