துரையின் வண்டியும் நம் பிள்ளைகளின் கைகளும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குப் பழைய லேண்ட் ரோவர் எதற்கு என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டனர். பணம் மிஞ்சிவிட்டதா என்று கேலி செய்வோர் உண்டு. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு இன்னொரு டியூஷன் வைக்கலாமே என்று அக்கறையோடு சொல்வோரும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். விடை ஒரு வண்டியோடு முடிந்துவிடுவதன்று. நம் சமூகம் கைத்தொழிலை எப்படிப் பார்க்கிறது என்பதையும் அது தொடுகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகையால் வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள்; அடிச்சட்டம் மட்டும் எஃகு. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், நம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இராணுவமும் காவல்துறையும் தோட்ட நிருவாகங்களும் செம்மண் பாதைகளில் ஓட்டிய வண்டிகளில் லேண்ட் ரோவர் முக்கியமானது.

தஞ்சோங் மாலிமுக்கு அந்தக் காலம் தனி வடுவையே விட்டுச் சென்றது. 1952 மார்ச்சில், ஊருக்கு அருகே தண்ணீர்க் குழாயைச் சீரமைக்கச் சென்றவர்கள் பதுங்கியிருந்தோரால் தாக்கப்பட்டுப் பன்னிருவர் மாண்டனர். அதன்பின் ஜெனரல் டெம்ப்ளர் இவ்வூருக்கு நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஊர் முழுவதும் சேர்ந்து அனுபவித்த தண்டனை அது.

எனவே, “அது துரையின் வண்டி அல்லவா? நம் பாட்டன்மார் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்ற வண்டியை நீங்கள் ஏன் கொண்டாடுகிறீர்கள்?” என்று கேட்கும் நண்பரை நான் மதிக்கிறேன். ஆயினும் என் கருத்து வேறு. துரை அந்த வண்டியில் அமர்ந்தார். அதற்குக் கிரீஸ் அடித்தவர், சேற்றில் புதைந்தபோது தள்ளியவர், இரவோடு இரவாகக் கிளட்ச் மாற்றியவர் யார்? பல தோட்டங்களில் அந்த ஓட்டுநரும் பட்டறைக்காரரும் தமிழர்களே. வண்டி துரையின் பெயரில் இருந்தது; வண்டியைப் பற்றிய அறிவு நம்மவர் கையில் இருந்தது. அந்த அறிவை நாம் சொத்தாகக் கணக்கில் எழுதவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், லயங்கள் இடிக்கப்பட்டபோதும் அது சத்தமில்லாமல் கரைந்து போயிற்று.

அப்படிக் கரைந்து போகாத இடங்களும் உண்டு. நம் ஊரிலிருந்து பழைய சாலையில் சிலிம் ரிவர், சுங்கை, பீடோர் கடந்து தாப்பா சென்று மலையேறினால் கேமரன் மலை. அங்கே காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் முட்டைக்கோசும் உரமும் ஏற்றி வேலை வாங்குகிறார்கள். கதவில்லாமலும், கூரை வெட்டப்பட்டும், பார்க்க அழகில்லாமலும் இருந்தாலும் வண்டி ஓடுகிறது. ஓடச் செய்யும் பட்டறைகள் அங்கேயே இருக்கின்றன.

இந்தியாவில் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங் என்னும் சிற்றூர் இன்னும் நல்ல சான்று. தேயிலைத் துரைமார் விட்டுச் சென்ற 1950களின் லேண்ட் ரோவர்களை அங்குள்ள ஓட்டுநர்கள் வாங்கி, 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூ சிகரத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்கிறார்கள். அவர்களுக்கென்று உரிமையாளர் சங்கம் உண்டு. உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் தாமே செய்துகொள்கிறார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு வண்டியும் தொழிலும் சேர்ந்தே போகின்றன. 2018இல், லேண்ட் ரோவரின் எழுபதாம் ஆண்டையொட்டி, அந்நிறுவனமே அவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தது. துரையின் வண்டி அங்கே தொழிலாளியின் பிழைப்பாகிவிட்டது!

இவ்விரண்டு இடங்களிலும் வண்டியை வாழ வைப்பது பணமன்று, கூட்டம். ஆகவே பழைய வண்டி வாங்க விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: முதலில் குழுவில் சேருங்கள், வண்டியைப் பிறகு வாங்குங்கள்.

ஏன் என்பதற்குச் சில காரணங்கள் சொல்கிறேன்.

அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். உள்ளே எஃகு அடிச்சட்டம் அரித்துப் போயிருக்கும். பின்குறுக்குச் சட்டம், பட்டை வில்கள் மாட்டப்படும் இடங்கள், ஓட்டுநரின் கால்வைப்பிடத்துக்கு முன்னுள்ள தடுப்பு ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்த எஃகு மந்தமாக ஒலிக்கும். அந்த வேறுபாட்டைப் புத்தகம் படித்து அறிய முடியாது. பத்து வண்டிகளைத் தட்டிப் பார்த்த ஒருவர் பக்கத்தில் நின்றால் பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்து ஆவணம். நாம் ‘கெரான்’ என்று சொல்லும் பதிவு அட்டையில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர் பலவற்றில் எப்போதோ ஒரு காலத்தில் ஜப்பானிய டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டிருக்கும். அம்மாற்றம் முறையாகப் பதிவாகவில்லை என்றால், பெயர் மாற்றும்போது சோதனையில் சிக்கல் வரும். விலை மலிவு என்று முன்பணம் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

பிறகு, எந்தத் தலைமுறை வண்டி என்பது. 1958 வரை வந்தது முதல் வரிசை. அதன்பின் இரண்டாம் வரிசை. 1971 முதல் 1985 வரை மூன்றாம் வரிசை. பழைய வரிசைகளில் முதல் இரண்டு கியர்களுக்கு ‘சின்க்ரோ’ கிடையாது. கிளட்சை இருமுறை மிதித்து மாற்றும் பழக்கம் வேண்டும். மூன்றாம் வரிசையில் முன்னோக்கிச் செல்லும் எல்லாக் கியருக்கும் அது வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குவோருக்கு அதுவே ஏற்றது. என்னுடையதும் மூன்றாம் வரிசையின் குட்டை வண்டிதான்.

எங்கள் வட்டாரக் குழுவில் கலும்பாங், பேராங், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் ஆகிய ஊர்களிலிருந்து வருவோர் இருக்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் உண்டு. ஓய்வு பெற்ற தோட்ட ஓட்டுநர் ஒருவர், லோரி பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், என்னைப் போன்ற ஆசிரியர் சிலர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு முற்றத்தில் கூடுகிறோம். கனமான ஜாக்கியையும் எஞ்சின் தூக்கியையும் தனித்தனியே வாங்காமல் பொதுவில் வைத்திருக்கிறோம். உதிரிப் பாகங்களைச் சேர்த்து வரவழைக்கிறோம்.

இது நமக்குப் புதிய பாடமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியாக ஒரு காணி நிலம் வாங்க இயலாத தொழிலாளர்கள் சிறு தவணைகளாகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தப் பெரும் பணியோடு எங்கள் ஜாக்கியை ஒப்பிடவில்லை. தனித்து முடியாதது கூடினால் முடியும் என்ற பாடம் ஒன்றுதான்.

இனி, பெற்றோரே, உங்களுக்காக ஒரு செய்தி.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம். வகுப்பில் கடைசி வரிசை. கணிதம் என்றால் தலை கவிழ்ந்துவிடும். ஒரு ஞாயிறு தன் தந்தையோடு குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தான். அன்று ஒரு வண்டியின் 2.25 லிட்டர் எஞ்சினில் வால்வு இடைவெளி சரிபார்த்தோம். அந்த இடைவெளி ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டை இடையில் நுழைத்து அளப்பார்கள். எட்டு வால்வுகள். எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவதை. மூத்த ஓட்டுநர் சொல்லச் சொல்ல, அந்தப் பையன் மெதுவாகக் கேட்டான்: “தாத்தா, ரெண்டையும் கூட்டுனா எப்பவும் ஒம்போதா வருது?”

ஆம், ஒன்பதுதான்! பட்டறைக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் விதி அது. எவரும் சொல்லித் தராமலேயே அவன் கண்டுபிடித்தான். மறுவாரம் தசமப் பின்னம் நடத்தியபோது, 0.25 என்றால் எவ்வளவு மெல்லியது என்று விரலால் காட்டியவன் அவன் ஒருவனே.

ஒரே நாளில் அவன் முதல் மாணவனாகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. இன்றும் வாசிப்பில் அவனுக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால் “இவனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது” என்ற தீர்ப்பு பொய் என்பதை அன்று அவன் தந்தை தம் கண்ணால் பார்த்தார். அவர் முகம் மாறியதை நானும் பார்த்தேன்.

நம் சமூகத்தில் “படிக்கலேன்னா ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும்” என்று பிள்ளைகளை மிரட்டும் பழக்கம் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாமும் அதைச் சொல்கிறோம். அந்த ஒரு வாக்கியம் இரு தீங்குகளைச் செய்கிறது. படிக்கும் பிள்ளைக்குக் கைத்தொழில் இழிவு என்று கற்பிக்கிறது. கைத்திறன் உள்ள பிள்ளைக்கோ, நீ தோற்றவன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தோற்றவன் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பையன் பட்டறைக்குக்கூடப் போவதில்லை, தெருமுனைக்குப் போகிறான். அவனுக்காக அங்கே காத்திருப்போர் யார் என்பது உங்களுக்கும் தெரியும்.

நம் ஊரின் நிலையைப் பாருங்கள். 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக இங்கே நிற்கிறது. மறுபுறம், புரோட்டோன் தொழிற்சாலை. ஆசிரியரை உருவாக்கும் இடமும் காரை உருவாக்கும் இடமும் ஒரே ஊரில்! இவ்விரண்டுக்கும் நடுவில் வளரும் நம் பிள்ளை, இயந்திரம் என்பது பிறர் செய்து தரும் பொருள் என்று மட்டுமே அறிந்தால் அது யார் குறை?

மறுப்புகளையும் மறைக்க விரும்பவில்லை. பழைய வண்டி பெட்ரோல் குடிக்கும், எண்ணெய் சொட்டும், நெடுஞ்சாலையில் மெல்லப் போகும். குடும்பத்துக்கு ஒரே வண்டியாக இதை வாங்காதீர்கள். வாங்கும் விலைக்கு நிகரான தொகை பழுதுபார்க்கவும் வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்; அது கையில் இல்லையென்றால் வாங்காமல் குழுவுக்கு மட்டும் வாருங்கள். பக்கவாட்டு இருக்கைகளில், வார்ப்பட்டை இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிச் சாலையில் ஓடாதீர்கள். வனக் காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையாதீர்கள். ஆற்றுக்குள் இறங்கிச் சேறு கலக்கிப் படம் பிடிப்பது வீரமன்று. கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஓராங் அஸ்லி கிராமம் இருக்கக்கூடும்.

ஆசிரிய நண்பர்களே, நான் எல்லாரையும் லேண்ட் ரோவர் வாங்கச் சொல்லவில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட வேளையைத் தேர்வுப் பாடத்துக்குக் கடனாகக் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் ஊரில் ஒரு பழைய ஓட்டுநர், ஒரு தச்சர், ஒரு தையற்காரர் இருப்பார். அவரை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். மாணவர் முன்னிலையில் அவரை ‘ஐயா’ என்று அழையுங்கள்.

பெற்றோரே, மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரிக்குப் போகும் வழி இருக்கிறது. டிப்ளோமா வரை படிக்கலாம். அதைத் தோற்றவர்களின் பாதை என்று எண்ணாமல் விவரம் கேட்டறியுங்கள். வீட்டில் மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளையை அடிக்கும்முன், மின்சாரத்தை அடைத்துவிட்டுப் பக்கத்தில் அமருங்கள். திரும்ப மாட்ட முடிகிறதா என்று சேர்ந்து பாருங்கள்.

எங்கள் மூத்த ஓட்டுநருக்கு இப்போது கை நடுங்குகிறது. தகட்டை அவர் பிடிப்பதில்லை. சொல்ல மட்டும் செய்கிறார். அவர் சொல்வதைக் கேட்டுச் செய்ய இளைய கைகள் வேண்டும். அவை நம் வகுப்பறைகளில்தான் இருக்கின்றன.

உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
தஞ்சோங் மாலிமிலிருந்து ஓர் ஆசிரியர்