நடுநிலை அரசின் கடமை, மாணவரின் கடமை அல்ல

பாரிஸ் நகரின் லா ஷப்பல் பகுதியில், ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் பிள்ளையார் தேர் வீதியுலா வருகிறது. 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் அது. நடுத்தெருவில் கற்பூரம் எரிகிறது, சிதறுதேங்காய் உடைகிறது. ஆனால் அதே நகரின் அரசுப் பள்ளிக்குள் ஒரு மாணவி முக்காடோடும் ஒரு சீக்கிய மாணவன் தலைப்பாகையோடும் நுழைய முடியாது. தேருக்கு வழிவிடுவதும் மாணவரை வாசலில் நிறுத்துவதும் மதச்சார்பின்மையின் பெயரால்தான் நடக்கின்றன. முதலாவது அந்தக் கொள்கைக்குப் பொருந்துகிறது, இரண்டாவது பொருந்தவில்லை என்பதே இந்த அறிக்கையை வெளியிடும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

பிரெஞ்சுக்காரர்கள் லாயிசித்தே என்று சொல்லும் இந்தக் கொள்கைக்கு அடித்தளம் 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம். அதன் முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. பொது ஒழுங்குக்கு உட்பட்டு வழிபாட்டுரிமைக்கும் உத்தரவாதம் தருகிறது. அடுத்த பிரிவு, குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. இரண்டு பிரிவுகளிலும் கட்டுப்படுத்தப்படுவது அரசு.

கத்தோலிக்கத் திருச்சபையோடு குடியரசு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாதிரியார்கள் தெருவில் அங்கி அணிவதைத் தடைசெய்ய வேண்டும் என்று சார்ல் ஷாபேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்தை அவையில் நடத்திச் சென்ற அரிஸ்தீத் பிரியான் அதை எதிர்த்தார். ஆதரவாக 184 வாக்குகளும் எதிராக 391 வாக்குகளும் விழ, திருத்தம் தோற்றது. யார் என்ன உடுத்துகிறார் என்பது குடியரசின் கவலை அல்ல என்று, திருச்சபையை அரசிலிருந்து பிரித்துவைத்த அதே அவைதான் முடிவு செய்தது.

இந்தத் தெளிவு பின்னாளில் கலங்கியது. 1989இல் பாரிஸுக்கு வடக்கே உள்ள கிரேய் நகரில் மூன்று மாணவிகள் முக்காடு அணிந்து பள்ளிக்கு வந்தபோது, மத அடையாளம் அணிவது மட்டுமே மதச்சார்பின்மைக்கு எதிரானதாகிவிடாது என்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் கருத்துரைத்தது. வற்புறுத்தல், மதப் பரப்புரை, வகுப்புக்கு இடையூறு ஆகியவை இருந்தால்தான் பள்ளி தலையிடலாம். ஆனால் 2004 மார்ச் 15ஆம் தேதிச் சட்டம் அந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டு, அரசுப் பள்ளிகளில் கண்ணில் படும்படியான மத அடையாளங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. 2023இல் அபாயா என்ற நீண்ட அங்கியும் அந்தத் தடைக்குள் வந்தது. அரசு மன்றம் இம்முறை குறுக்கே நிற்கவில்லை. ஆசிரியருக்கு உரிய நடுநிலைக் கடமை இப்படி மாணவர் தலையிலும் ஏறிவிட்டது.

தடையை ஆதரிப்போரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நெருக்குதலுக்கு ஆளாகி முக்காடு அணியும் சிறுமிகள் இருக்கிறார்கள். 2020 அக்டோபரில், கருத்துச் சுதந்திரப் பாடத்தில் கேலிச்சித்திரங்களைக் காட்டியதற்காகச் சாமுவேல் பத்தி என்ற வரலாற்று ஆசிரியர் கொலை செய்யப்பட்டார். பாடத்திட்டத்தில் மதத்தின் பெயரால் விலக்குக் கேட்பதையோ ஆசிரியரை மிரட்டுவதையோ எங்கள் அமைப்பு துளியும் ஏற்கவில்லை. உயிரியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆனால் நெருக்குதல் செய்பவரை விட்டுவிட்டு, நெருக்குதலுக்கு ஆளான சிறுமியை வெளியே நிறுத்துவது அவளுக்குப் பாதுகாப்பு ஆகாது.

அரசு தன் பங்கு நடுநிலையை முழுதாகக் கடைப்பிடிக்கவும் இல்லை. 1905இல் ஜெர்மனி வசம் இருந்த அல்சாஸ் - மொசேல் பகுதியில் அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இல்லை. அங்கே கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், யூத மதகுருமார்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. 1959ஆம் ஆண்டின் தெப்ரே சட்டப்படி, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அரசுச் சம்பளம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். 2004ஆம் ஆண்டுத் தடை அவற்றைக் கட்டுப்படுத்தாது.

வெளியேற்றப்பட்ட சீக்கிய மாணவர்களின் மனுக்களை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் ஏற்கவில்லை. அதேபோல் வெளியேற்றப்பட்ட வேறொரு சீக்கிய மாணவரின் முறையீட்டில், மதச் சுதந்திரம் மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் முடிவு சொன்னது. அதன் பிறகும் சட்டம் மாறவில்லை.

எங்கள் அமைப்பின் கோரிக்கைகள் மூன்று. அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் உள்ள நடுநிலைக் கடமை அப்படியே தொடர வேண்டும். மாணவரைப் பொறுத்தவரை, வற்புறுத்தலும் இடையூறும் இருந்தால் மட்டும் தலையிடும் 1989ஆம் ஆண்டு நிலைக்கு நாடாளுமன்றம் திரும்ப வேண்டும். மதகுருமார்களுக்கு அரசு சம்பளம் தரும் முறை அல்சாஸ் - மொசேலில் படிப்படியாக முடிவுக்கு வர வேண்டும். இவற்றோடு, சட்டம் திருத்தப்படும் வரை, ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் மாணவரோடு பேச வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருப்பதை ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் முறையாகக் கடைப்பிடிக்க வேண்டும். அந்தப் பேச்சில் பெற்றோருக்கும் இடம் தர வேண்டும்.