குதிகால் தேறிய பின்

சடையங்குப்பத்தைச் சூழ்ந்த மணலி, எண்ணூர் ஆலைகளில் உயரத்தில் நின்று உழைப்போர் பலர். நின்றவாக்கில் கீழே விழுந்தால் பெரும்பாலும் நொறுங்குவது குதிகால் எலும்பே. அதன் மேல்மூட்டும் சிதைந்து வலி தீராவிடில், மருத்துவர் அம்மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவதுண்டு. “இனிப் பந்தாட முடியுமா?” என்பதே இளைஞர் நம்மிடம் கேட்கும் கேள்வி.

மூட்டை இணைத்தபின் பாதம் பக்கவாட்டில் சாயாது. கணுக்காலின் மேல்கீழ் அசைவு பெரும்பாலும் எஞ்சும். ஆகவே சமதரையில் நடை எளிது. மேடுபள்ளமும் மணலும் கடினம். எலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களாகும். மருத்துவர் சொல்லுமுன் காலூன்றலாகாது. புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். பின்னர் நடை, மிதிவண்டி, நீச்சல் எனப் படிப்படியாக முன்னேறலாம். ஓடித் திரும்பும் பந்தாட்டம் பலருக்குக் கடினமே. அதை மறைக்காமல் சொல்வதே அன்பு.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, 5 வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். எல்லாருக்கும் பதக்கம் கிட்டாது. ஆயினும் அன்பர்களே, காயமுற்ற இளைஞனை வீட்டின் மூலையில் விடாதீர்கள். கேரம் பலகைக்கு அழையுங்கள். சிறுவர்க்குப் பந்தாடப் பழக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்.