வாழும் கோயிலாம், யாருக்கு?

பதினெட்டு முறை அலைந்து பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோயில்மீதேறி இராமானுசர் ஊரறியக் கூவினார் என்பது வைணவர் கூற்று. கதையாகவே இருக்கட்டும்! அவ்வூர்க் கோயில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இல்லை. இருப்பவற்றைப் பார்ப்போம்: 1987இல் தஞ்சைப் பெரிய கோயில், 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும். 'வாழும்' சோழர் பெருங்கோயில்களாம்!

கல்லின் கலையை நாமும் போற்றுகிறோம். ஆனால் அக்கல்லைச் சுமந்தவன் வழிவந்தோன் கருவறைக்குள் நுழைந்தால் தீட்டாமே! 1970இல் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆகமத்தையோ வாயிற்காவலாய் நிறுத்தியது. 2021இல்தான் பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்கள் அர்ச்சகராயினர், வழக்குகள் விட்டனவா?

2017இல் இராமானுசருக்கு ஆயிரமாண்டு விழா எடுத்தோரைக் கேட்கிறோம்: மந்திரம் தெருவுக்கு வந்ததே, தெரு கருவறைக்குள் வரலாகாதா?