பழைய பீரோவைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சிடுங்க

பொங்கல் நெருங்குது. திருவள்ளூர்ல இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் பட்டி தேய்க்கிற சத்தமும் தின்னர் வாசனையும்தான். இந்த வருஷம் அதோட இன்னொண்ணும் சேர்ந்திருக்கு. ரீல்ஸ் பார்த்துட்டு தாத்தா காலத்து தேக்கு பீரோ, பழைய கட்டில், கிச்சன் கப்போர்டு எல்லாத்தையும் நாமே தேய்ச்சு, சாக் பெயிண்ட், டிஸ்ட்ரெஸ்டு ஃபினிஷ், டெக்ஸ்சர் சுவர்னு மாத்துறது.

நான் இதுக்கு எதிரி இல்ல. நல்ல மரத்தைக் காயலான் கடையில போட்டுட்டு, பார்ட்டிகிள் போர்டு வாங்குறதை விட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனா ஒரு டாக்டரா எனக்குச் சில விஷயம் உறுத்துது. நீளமான இழை, பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு பொதுவான நம்பிக்கையை உடைச்சிடுவோம். "வாசனை இல்லாத பெயிண்ட் வாங்கினேன் டாக்டர், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்க நிறைய பேர். வாசனை வர்றது கரைப்பான்ல இருந்து. அதுவும் கெடுதல்தான், ஆனா ஜன்னலைத் திறந்து வெச்சா சில நாள்ல போயிடும். இந்த வேலையில குழந்தைக்குப் பெரிய ஆபத்து எதுவோ அதுக்கு வாசனையே கிடையாது. அது ஈயம். அது நீங்க புதுசா வாங்கிட்டு வந்த டப்பாவை விட, நீங்க தேய்க்கப் போற பழைய பூச்சுலதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன்னு சொல்றேன். பெயிண்டுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பளிச்னு வரணும்னா ஈயக் குரோமேட் ரொம்ப சல்லிசான வழி. எனாமல் சீக்கிரம் காயணும்னாலும் ஈய உப்பு சேர்ப்பாங்க. அமெரிக்காவில வீட்டு பெயிண்ட்ல இதுக்கு 1978லயே தடை வந்தாச்சு. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்டுக்கும் அலங்கார பெயிண்டுக்கும் சட்டப்படி கட்டாய வரம்பு வந்தது 2016ல வெளியான விதிகள்லதான். அது அமலுக்கு வந்தது 2017 நவம்பர். பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல ஈயம் இருக்கக் கூடாது. அதுக்கப்புறமும் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு கடையில வாங்கிச் சோதிச்சப்போ வரம்பைத் தாண்டின டப்பாக்கள் கிடைச்சுது. சின்ன பிராண்டுகளை வாங்கும்போது கவனம் தேவை.

இப்போ கணக்குப் போடுங்க. உங்க வீட்டு பீரோ, ஜன்னல் கதவு, கிரில் கேட்டு எப்போ பெயிண்ட் அடிச்சது? 2017க்கு முன்னாடின்னா அதுல ஈயம் இருக்கலாம்னு எடுத்துக்கிட்டுத்தான் வேலையைத் தொடங்கணும். பூச்சு உரியாம சும்மா இருக்கிற வரைக்கும் பெரிசா பிரச்சினை இல்ல. நீங்க உப்புத்தாளை எடுத்து உலர்வா தேய்க்கும்போதுதான் அது தூளாகி வீடு முழுக்கப் பரவுது. டிஸ்ட்ரெஸ்டு ஃபினிஷோட அழகே அடியில இருக்கிற பழைய கலர் அங்கங்க தெரியுற மாதிரி தேய்க்கிறதுதான். இருக்கிறதுலயே மோசமான அடுக்கைத் தேடிப் போய்ச் சுரண்டுறோம்னு வெச்சுக்கங்க.

இன்னும் மோசம், ஹீட் கன் அல்லது ப்ளோ லாம்ப் வெச்சு உரிக்கிறது. தூளோட புகையும் சேர்ந்து நேரா நுரையீரலுக்குப் போகும். அதே கணக்குதான் போகிக்கும். டயர் எரிக்காதீங்கன்னு வருஷா வருஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுது, சரி. பழைய பெயிண்ட் அடிச்ச ஜன்னல் சட்டம், உடைஞ்ச ஸ்டூலை எல்லாம் எரிக்கிறதைப் பத்தி யாரும் பெரிசா பேசுறதில்ல. சின்னப் பசங்கதான் அந்த நெருப்பைச் சுத்தி உக்காந்து மேளம் அடிச்சிட்டிருப்பாங்க.

"இவ்வளவு தூசு என்ன பண்ணிடும்?" பெரியவங்களை விட குழந்தைங்க குடல் ஈயத்தை நாலஞ்சு மடங்கு அதிகமா உறிஞ்சும். தரையில தவழுறது, கையை வாயில வைக்கிறது அவங்கதான். உடம்புல இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவா இருந்தா இன்னும் அதிகமா உறிஞ்சும். நம்ம ஊர்ல ரத்தசோகை இல்லாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்கணும். உள்ளே போன ஈயம் எலும்புல பல வருஷம் தங்கும். பின்னால கர்ப்பமாகும்போது எலும்புல இருந்து கிளம்பி, நஞ்சுக்கொடியைத் தாண்டி, வயித்துல இருக்கிற குழந்தைக்கும் போகும்.

இது எங்கேயோ வெளிநாட்டுக் கதை இல்ல. 2009ல சென்னைக் குழந்தைகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியாச்சு. 3 வயசுல இருந்து 7 வயசு வரைக்கும் 756 குழந்தைங்க. ரத்தத்துல சராசரி ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக் கூட, கவனக் குறைவு, பதற்றம், மத்தவங்களோட பழகுறதுல சிக்கல்னு டீச்சர்கள் குறிச்ச மதிப்பெண்களும் கூடியிருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் 5 மைக்ரோகிராமுக்கு மேல போனாலே ஈயம் எங்கிருந்து வருதுன்னு தேடச் சொல்லுது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னும் சொல்லுது. அந்தக் குழந்தைகளுக்கு ஈயம் பெயிண்ட்ல இருந்து மட்டும் வந்ததுன்னு நான் சொல்ல வரல. பெட்ரோல், பேட்டரி பட்டறை, பாத்திரம்னு பல வழி இருக்கு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000லயே நின்னு போச்சு. வீட்டுக்குள்ள நம்ம கையாலயே கிளப்பி விடுற தூசை நிறுத்துறது நம்ம கையிலதான் இருக்கு.

நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு பிரச்சினை உண்டு. சிப்காட், சிட்கோ பக்கம் வேலை பார்க்கிற வீடுகள்ல "கம்பெனியில மிச்சமான பெயிண்ட்"னு ஒரு டப்பா இருக்கும். கெட்டியா பிடிக்கும், வருஷக்கணக்குல உரியாது, காசும் கிடையாது. அதை எடுத்து கேட்டுக்கு அடிப்பாங்க, மிச்சம் இருந்தா குழந்தையோட கட்டிலுக்கும் அடிப்பாங்க. கேட்டுக்கோங்க: மேலே சொன்ன 90 பங்கு வரம்பு வீட்டு பெயிண்டுக்கும் அலங்கார பெயிண்டுக்கும் மட்டும்தான். தொழிற்சாலை பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. இயந்திரத்துக்கும் பாலத்துக்கும் அடிக்கிற மஞ்சளை, புள்ளை கடிச்சு விளையாடுற தொட்டில் கம்பிக்கு அடிக்காதீங்க. ஓசியில கிடைச்சாலும் வேணாம்.

இனி பெயிண்டர் அண்ணன்களைப் பத்தி. உண்மையைச் சொன்னா, இந்த இழையை எழுத உக்காந்ததே அவங்களுக்காகத்தான்.

உங்க வீட்டு வேலை பத்து நாள்ல முடிஞ்சிடும். அவருக்கு அது முப்பது வருஷம். பெயிண்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்குற தொழில்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1989லயே முதல் பிரிவுல சேர்த்துடுச்சு. மரத்தூளும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவுலதான் இருக்கு. மெலமைன் பாலிஷ் அடிச்ச புது கப்போர்டைத் திறந்தா கண்ணு எரியுதுல்ல, அந்த எரிச்சல் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடோட வேலைதான்.

பி.யு. ஃபினிஷ் கேட்கிறீங்க. கண்ணாடி மாதிரி மின்னும், உண்மைதான். அதுல ரெண்டு டப்பா வரும், ஒண்ணு பெயிண்ட், இன்னொண்ணு ஹார்டனர். அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கும். கம்ப்ரசர் வெச்சு மூடின ரூம்ல ஸ்ப்ரே பண்ணும்போது அது மெல்லிய பனியா மூச்சுல ஏறுது. சிலருக்கு உடம்பு அதுக்கு ஒவ்வாமையாகிடும். அப்படி ஒரு தடவை ஆகிட்டா, அப்புறம் துளி பட்டாலும் இளைப்பு வரும். வேற தொழிலுக்கு மாறுறதைத் தவிர வழி இருக்காது.

இந்த இளைப்புக்கு ஒரு அடையாளம் உண்டு. வேலை நேரத்துல சும்மா இருக்கும், சாயங்காலமோ ராத்திரியோ நெஞ்சு அடைக்கும். ஆஸ்துமான்னு வர்ற தொழிலாளிகிட்ட நான் மறக்காம ஒரு கேள்வி கேட்பேன்: "லீவுக்கு ஊருக்குப் போனா சரியாயிடுதா?" பீகார்ல இருந்தோ ஒடிசாவுல இருந்தோ வந்து இங்க லைன் வீட்டுல தங்கி ஸ்ப்ரே வேலை பார்க்கிற பையன், "ஊர்ல இருமலே இல்ல சார்"னு சொன்னா எனக்குப் பாதி விடை கிடைச்சிடும். இன்ஹேலர் மட்டும் எழுதிக் கொடுத்துட்டு அதே வேலைக்கு அனுப்புறது வைத்தியம் இல்ல.

முகத்துல துண்டைக் கட்டிக்கிறது எதுக்கும் உதவாது. என்95 மாஸ்க் தூசுக்கு நல்லது, தேய்க்கும்போது கண்டிப்பா போடணும். தின்னர் ஆவி அதுக்குள்ள தாராளமா புகுந்து வரும். ஆவிக்கு கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் தனியா இருக்கு. பி.யு. ஸ்ப்ரேயை வீட்டுக்குள்ள வெச்சு அடிக்கவே கூடாதுங்கிறது என் கருத்து. கதவைக் கழட்டி, அதுக்குன்னு வசதி இருக்கிற பட்டறைக்கு அனுப்புங்க. கைக்கு அடிச்சா போதும்னா தண்ணீர்ல கரையுற எனாமல் இப்போ நல்லாவே வருது.

வேலை முடிஞ்சதும் தின்னர்லயே கையைக் கழுவுறது இன்னொரு பழக்கம். அது தோல் வழியாவும் உள்ளே போகும், கையும் வெடிச்சு புண்ணாகும். கொஞ்சம் சமையல் எண்ணெய் போட்டுத் தேய்ச்சு, அப்புறம் சோப்பு போடச் சொல்லுங்க. சாப்பிடறதுக்கும் பீடி பத்த வைக்கிறதுக்கும் முன்னாடி கை கழுவணும்.

வாழைப்பழம் சாப்பிட்டா, வெல்லம் சாப்பிட்டா தூசு இறங்கிடும்னு நம்புறாங்க. வாழைப்பழம் போறது வயித்துக்கு, தூசு போறது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் ரூட்டே வேற. பழம் வாங்கிக் கொடுங்க, வேணாம்னு சொல்லல, மாஸ்க்குக்குப் பதிலா கொடுக்காதீங்க.

நெருப்பு விஷயத்தை ஒரு வரியில சொல்லிடறேன். தின்னர் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா ஊர்ந்து பூஜை ரூம் விளக்கு வரைக்கும் போகும். 2024 மே மாதக் கடைசியில காக்களூர் தொழிற்பேட்டை பெயிண்ட் கம்பெனி தீ விபத்துல உயிர்கள் போனது நம்ம மாவட்டத்துல யாருக்கும் மறந்திருக்காது.

இப்போ அரசாங்கத்துக்கிட்ட கேட்க வேண்டியது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்துல டாக்டர்கள் கட்டாயமா தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல் இருந்துச்சு. அதுல முதல் பெயரே ஈய நச்சுதான். ஆனா அது ஃபாக்டரிக்குள்ள வேலை பார்க்கிறவருக்கு. உங்க வீட்டு ஹால்ல ஏணி போட்டு நிக்கிறவருக்கு ஃபாக்டரியும் இல்ல, அவரைச் சோதிக்க ஒரு டாக்டரும் இல்ல. 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம், பி.பி., சுகர் பார்க்கிறாங்க. தேடிப் போறதுக்கு ஒரு கேட்டும் பெயர்ப் பலகையும் இருக்கிற இடத்துக்குத்தான் போக முடியுது. இன்னிக்கு திருநின்றவூர், நாளைக்கு பொன்னேரின்னு போற பெயிண்டரை எங்க தேடுவாங்க?

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பெயிண்டர்களும் பதிவு பண்ணலாம். அந்தப் பதிவைப் புதுப்பிக்கும்போதே ஒரு ரத்த ஈய அளவும், ஒரு நுரையீரல் ஊதல் சோதனையும் இலவசமா செய்யலாம். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மாவட்டத்துக்கே பொதுவா இந்தச் சோதனையை நடத்தணும்னு நான் கேட்கிறேன். இது ஆடம்பரம் இல்ல. வயித்துவலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்தசோகைன்னு வர்ற பெயிண்டருக்கு இரும்பு மாத்திரையும் கேஸ் மாத்திரையும் மாறி மாறிக் கொடுத்துட்டிருக்கிறதை விட இது செலவு குறைவு.

சரி, பீரோவுக்கு வருவோம். பழைய பூச்சு கெட்டியா இருந்தா முழுசா உரிக்காதீங்க. மேல லேசா ஈரமா தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, புது கலர் அடிங்க. கடையில 'வாட்டர் பேப்பர்'னு கேளுங்க, அதைத் தண்ணியோடதான் தேய்க்கணும். பேருலயே இருக்கு, ஆனா நம்மாளுங்க அதையும் உலர்வாத்தான் தேய்ப்பாங்க! கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிங்க. முடிஞ்சா மொட்டை மாடியிலயோ வெளியிலயோ வெச்சு செய்யுங்க. வீட்டுல கர்ப்பிணியும் ஆறு வயசுக்குக் கீழ குழந்தையும் இருந்தா, அந்த நாலு நாள் அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க. முடிஞ்சதும் துடைப்பத்தால கூட்டாதீங்க, ஈரத்துணியால ரெண்டு மூணு தடவை துடைங்க. போட்டிருந்த துணியைத் தனியா துவைங்க.

சுவத்துக்கு சுண்ணாம்பு ஃபினிஷ் திரும்ப ஃபேஷன் ஆகியிருக்கு, சந்தோஷம். ஒரே எச்சரிக்கை, கண்ணுல தெறிச்சா ஊதிட்டு நிக்காம, உடனே குழாய்த் தண்ணியை விட்டு இருபது நிமிஷமாவது கழுவிட்டு, நேரா கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க.

"எங்க குழந்தை ஏற்கெனவே பெயிண்ட் துகளைச் சாப்பிட்டுடுச்சு, என்ன பண்றது?"ன்னு கேட்பீங்க. ரத்த ஈய அளவு பாருங்க, தனியார் லேப்ல எடுக்கிறாங்க. லேசா கூடியிருந்தா மருந்து தேவைப்படாது. தூசு வர்ற இடத்தை அடைக்கணும், இரும்பும் கால்சியமும் சரி பண்ணணும், சில வாரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். 45 மைக்ரோகிராமும் அதுக்கு மேலயும் போனாதான் ஈயத்தை வெளியேத்துற மருந்து, அதுவும் ஆஸ்பத்திரியில வெச்சு. யூடியூப்ல விக்கிற 'டீடாக்ஸ்' பொடியை மட்டும் வாங்கிக் கொடுத்துடாதீங்க. நாட்டு மருந்துன்னு வர்ற சில பொடிகள்லயே ஈயம் கலந்திருக்கிறது இருக்கு.