கோடரியும் எல்லைக்கல்லும்

சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகை ஆலைக்காக நடந்த மரந்தறிப்பு, மக்கள் எதிர்ப்பின் பின் 1977இல் நின்றது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரந்தறிப்பது நாடெங்கும் தடுக்கப்பட்டது. இத்தடையை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். காடழிந்தால் வன்னிக் குளங்கள் தூர்ந்துபோகும். யானை வயலுக்குள் இறங்கும். பலகைக்குத் தேக்கந்தோப்புகள் உள.

ஆயின் வன்னியில் நடந்ததென்ன? இடம்பெயர்ந்த கமக்காரன் 2009க்குப் பின் திரும்பியபோது, அவன் காணியில் பற்றை வளர்ந்திருந்தது. பற்றை காடெனப்பட்டது, காட்டுக்கு எல்லைக்கல்லும் வந்தது. முதிரையும் பாலையும் கடத்தும் லொறிகள் இரவில் ஓட, உறுதி வைத்திருப்பவனின் மண்வெட்டிக்குத் தடையாம்! எதிர்வாதம் கேளாது தீர்ப்பளிக்க எந்த நீதிமன்றுக்கும் உரிமையில்லை. வர்த்தமானிக்கு மட்டும் உண்டோ?

எல்லையிடுமுன் கிராமத்திலேயே விசாரணை நடத்துக. உறுதியோ உத்தரவுப்பத்திரமோ உள்ள காணியை விடுவித்து, எஞ்சிய காட்டில் கோடரி படாது காக்குமாறு அரசைக் கோருகிறோம்.